துண்டான விரலுக்கு எத்தனை மணி நேரம் கெடு? கை அறுவை சிகிச்சையின் காலக் கணக்கு

"துண்டான கையை இணைத்து டாக்டர்கள் சாதனை" என்ற தலைப்பை நாளிதழில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அதே நம்பிக்கையில் அறுந்த விரலை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு ஓடி வருபவரிடம், "இதை இணைக்க முடியாது" என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரோ பத்து மணி நேரம் கழித்து வந்தும் கட்டைவிரலைத் திரும்பப் பெற்றிருப்பார். "விரலத்தான் கொண்டாந்துட்டமேங்க, ஒட்ட வெச்சுர முடியாதுங்களா?" என்று உறவினர்கள் கேட்பதும், ஆள் பார்த்து வைத்தியம் செய்கிறார்களோ என்று சந்தேகப்படுவதும் இந்த இடத்தில்தான்.

ஸ்பின்னிங் மில், விசைத்தறி, லேத், பவர் பிரஸ், கரும்பு ஆலை, தீவனம் வெட்டும் மெஷின் என்று கை போய் மாட்டக்கூடிய இயந்திரங்கள் ஊருக்கு ஊர் இருக்கும் கொங்கு நாட்டில், இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. கையில் எலும்பு, தசை, தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற தசைநாண், நரம்பு, இரத்தக் குழாய் ஆகிய எல்லாம் ஒரு விரற்கடை அகலத்துக்குள் நெருக்கிக் கிடக்கின்றன. காயம் ஒன்றாக இருந்தாலும் கெடு எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. இரத்த ஓட்டத்துக்கு மணிக்கணக்கில் கெடு, தசைநாணுக்கு நாள்கணக்கில், நரம்புக்கு மாதக்கணக்கில்.

## ஆறு மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

உடலிலிருந்து பிரிந்த பகுதிக்கு இரத்தம் போகாது. ஆக்சிஜன் இல்லாமல் எது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில் திசுக்களுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. தோல், எலும்பு, தசைநாண் மூன்றும் பொறுமைசாலிகள். தசை பொறுக்காது. சாதாரண வெப்பநிலையில் ஆறு மணி நேரம் தாண்டினால் தசை மீளமுடியாதபடி அழியத் தொடங்கும்.

விரலுக்குள் தசையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் தசைநாண்கள் மட்டுமே விரலுக்குள் ஓடுகின்றன. அதனால் கெடு இப்படிப் பிரிகிறது:

1. விரல் மட்டும் துண்டானால்: குளிர்விக்காமல் ஏறக்குறைய 12 மணி நேரம், முறையாகக் குளிர்வித்தால் 24 மணி நேரம். அதையும் தாண்டி இணைத்து வெற்றி கண்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.
2. மணிக்கட்டுக்கு மேலே, முன்கையிலோ மேற்கையிலோ துண்டானால்: குளிர்விக்காமல் 6 மணி நேரம், குளிர்வித்தால் 12 மணி நேரம் வரை. இந்தக் கணக்கு இரத்தம் மறுபடி ஓடத் தொடங்கும் நேரத்துக்கானது. மருத்துவமனை வாசலில் வந்து இறங்கும் நேரத்துக்கானது என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது வகையில் தாமதம் உயிருக்கே ஆபத்து. அழிந்த தசைக்குள் மறுபடி இரத்தம் பாய்ந்தால், அதில் தேங்கிய பொட்டாசியம், அமிலம், தசைப் புரதமான மயோகுளோபின் எல்லாம் ஒரே நேரத்தில் உடலுக்குள் வரும். பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும், மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். எட்டு மணி நேரம் வெயிலில் கிடந்த கையை இணைக்க மறுக்கும் டாக்டர், ஆளைக் காப்பாற்றத்தான் மறுக்கிறார்.

அந்தியூரிலோ தாராபுரத்திலோ விரல் போனவருக்கு, முறையாகக் கட்டிக்கொண்டால், கோவை வந்து சேரப் போதுமான நேரம் இருக்கிறது. விரல் என்றால் பதறி வண்டியை விரட்டி இன்னொரு விபத்தை வாங்க வேண்டியதில்லை. மணிக்கட்டுக்கு மேலே கை போயிருந்தால் ஒவ்வொரு பத்து நிமிடமும் கணக்கு. வழியில் இரண்டு மூன்று ஊர் மருத்துவமனைகளில் ஏறி இறங்கியே மூன்று மணி நேரம் கழிந்துவிடுவது உண்டு. முதலில் பார்க்கும் மருத்துவமனையிலிருந்தே, நுண்ணோக்கி வைத்துத் தைக்கும் நுண் அறுவை வசதி உள்ள இடத்துக்குப் போன் செய்து, "எந்த மட்டத்தில் துண்டாகியிருக்கிறது, எத்தனை மணிக்கு நடந்தது" என்ற இரண்டையும் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்படிச் சொன்னால் ஆள் வருவதற்குள் அங்கே ஆபரேஷன் தியேட்டர் தயாராகிவிடும்.

## துண்டான பகுதியைக் கொண்டுவருவது எப்படி?

இந்த ஒரு விஷயத்தில் நடக்கும் தவறால்தான் இணைக்கத் தகுந்த விரல்கள் பல வீணாகின்றன. வரிசை இது:

1. மெஷினை நிறுத்துங்கள். கை உருளைகளுக்குள் சிக்கியிருந்தால் பின்னோக்கிச் சுற்றி எடுக்க முயல வேண்டாம். இரண்டாவது முறை நசுங்கும். மெக்கானிக்கை வைத்து உருளையின் போல்ட்டைத் தளர்த்திக் கையை விடுவிப்பதே நல்லது.
2. காயத்தின் மேல் சுத்தமான துணியை மடித்து வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையிடையே எடுத்து எட்டிப் பார்க்கக் கூடாது. பெரும்பாலான இரத்தப்போக்கு இதிலேயே நிற்கும். கயிறு, கம்பி கொண்டு இறுக்கிக் கட்டினால் மிச்சமிருக்கும் பகுதியும் கெடும். எதற்கும் நிற்காமல் பீறிட்டால் மட்டும், அகலமான துணிப்பட்டையால் மேற்கையில் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள்.
3. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, கிரீஸ், டிங்சர் எதுவும் வேண்டாம். உள்ளே போன தூளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கவே ஒரு மணி நேரம் போகும். சுண்ணாம்பு குழாய்ச் சுவரையே அரித்துவிடும்.
4. துண்டான பகுதியைச் சலைனிலோ, சலைன் இல்லாவிட்டால் சுத்தமான குடிநீரிலோ ஒரு முறை மெதுவாக அலசுங்கள். தேய்க்க வேண்டாம்.
5. சலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் அதைச் சுற்றுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது.
6. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள்.
7. அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவரிலோ டப்பாவிலோ வையுங்கள். உள்ளே ஏறக்குறைய 4 டிகிரி இருக்கும். அதுதான் வேண்டும்.

ஐஸ் கட்டி நேரடியாகத் தோலில் பட்டால் செல்களுக்குள் இருக்கும் நீர் உறைந்து, செல் கிழியும். அப்படி வந்த விரல் வெளுத்து விறைத்திருக்கும், அதை இணைத்தும் பயனில்லை. ஃபிரீசரில் வைப்பதும் இதே கேடுதான். தண்ணீரில் நேரடியாக மிதக்கவிட்டாலும் திசு ஊறி உப்பிவிடும், குழாயில் தையல் நிற்காது.

பாதி அறுந்து ஒரு தோல் பட்டையில் தொங்கும் விரலை "இனி எதுக்கு" என்று வெட்டி எடுத்துவிடக் கூடாது. அந்தப் பட்டைக்குள் ஒரு சிரை தப்பியிருந்தால் அறுவை சிகிச்சையின் சிரமத்தில் பாதி குறையும்.

அடிபட்டவருக்கு டீ, சோடா, பன் எதுவும் கொடுக்காதீர்கள். மயக்கம் தெளியட்டும் என்று அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுக்கத் திட உணவுக்குப் பின் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். கைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்ய முடிகிற இடங்களில் சமாளிப்பார்கள். நான்கு விரல் அறுந்து விடிய விடிய நடக்கும் அறுவையில் சமாளிக்க முடியாது.

## எதை இணைப்பார்கள், எதை விடுவார்கள்?

நேரம் முதல் கேள்வி. இரண்டாவது, அதைவிடக் கடினமான கேள்வி: எப்படி அறுந்தது?

கூரான கத்தியில் அறுந்த விரலில் குழாய் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் கெட்டிருக்கும். திருப்பூர்க் கட்டிங் மேசையில் துணி வெட்டும் பிளேடு பட்ட காயம் பெரும்பாலும் இந்த வகை. இதுதான் இணைக்க மிக வசதியானது. மர ரம்பம் பற்களின் அகலத்துக்குத் திசுவைத் தின்றுவிடுகிறது. இருந்தாலும் எலும்பைச் சற்றுக் குறைத்து இணைக்கலாம். பவர் பிரஸ் டையின் அடியில் மாட்டிய விரல் நசுங்கியிருக்கும், வெளியே தோல் முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே குழாய்ச் சுவர் பல இடங்களில் வெடித்திருக்கும். கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பு ஆலையின் உருளையிலோ, பெல்ட்டிலோ இழுபட்ட விரலில் குழாயும் நரம்பும் நீளமாக உருவி வந்திருக்கும். மோதிரம் எங்காவது மாட்டி இழுபடுவதும் இந்த வகைதான்.

இப்படி உருவி வந்த விரலின் இரு பக்கவாட்டிலும் குழாய் ஓடும் தடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு தெரியும். கிளைக் குழாய்கள் அறுந்து கசிந்த அடையாளம் அது. குழாயை நுண்ணோக்கியில் பார்த்தால் சுருள் கம்பிபோலச் சுருண்டிருக்கும். அந்த நீளத்தை முழுக்க வெட்டி எறிந்துவிட்டு, மணிக்கட்டின் முன்பக்கத்திலிருந்து சிரைத் துண்டு எடுத்து ஒட்டுப் போட்டால் ஒழிய இரத்தம் போகாது. பல சமயம் போட்டும் போகாது. ஒரு மணி நேரத்தில் வந்தவருக்கு "முடியாது" என்ற பதில் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சிவப்புக் கோட்டால்தான்.

மூன்றாவது கேள்வி: இணைத்த பிறகு அந்த விரல் கைக்கு உதவுமா? பொதுவாக எப்படியும் முயல வேண்டியவை இவை:

1. கட்டைவிரல். கையின் பயனில் ஏறக்குறைய 40 விழுக்காடு அதனுடையது. விறைத்த கட்டைவிரலும் மற்ற விரல்களுக்கு எதிரே நின்று பிடிக்க உதவும்.
2. ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள்.
3. உள்ளங்கை, மணிக்கட்டு மட்டத்தில் துண்டானவை.
4. குழந்தைகளுக்கு எந்த விரலானாலும்.
5. நடு எலும்பைத் தாண்டி நுனிப்பக்கம் துண்டான ஒற்றை விரல்.

விரலின் அடிப்பாகத்தில் துண்டான ஒற்றை ஆள்காட்டி விரலுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. அந்த இடத்தில் இணைத்த விரல் பெரும்பாலும் விறைத்துப்போகும். அதைத் தள்ளிவிட்டு நடுவிரலைக் கொண்டே மனிதர் வேலை செய்யப் பழகிக்கொள்கிறார், விறைத்த விரல் எதிலாவது மாட்டிக்கொண்டே இருக்கும். தறிக்காரருக்கும் தையல்காரருக்கும் ஒரு நீட்டிய கம்பு விரலைவிட, வலியில்லாத நல்ல குட்டை விரல் மேல். இதைக் குடும்பத்தாரிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லாமல் "முடியாது" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது மருத்துவர்கள் பக்கம் உள்ள குறை. தினமும் மில்லுக்குத் திரும்பும் ஆள், மூன்று மாதச் சிகிச்சைக்கும் அதன்பின் இன்னொரு அறுவைக்கும் தாங்குவாரா என்பதும் அந்தப் பேச்சில் வர வேண்டும்.

## தியேட்டருக்குள் நடப்பது

நுண் அறுவையில் விரலை இணைக்க முடியும் என்று 1965-ல் ஜப்பானின் நாராவில் கோமாட்சு, தமாய் என்ற மருத்துவர்கள் இருவரும் காட்டினார்கள். முழுதாகத் துண்டான கட்டைவிரலை அவர்கள் இணைத்தார்கள். முழுக் கையை இணைப்பது அதற்கு முன்பே, 1962-ல் பாஸ்டனிலும் 1963-ல் ஷாங்காயிலும் நடந்தது. பெரிய குழாய்களைக் கண்ணால் பார்த்தே தைக்கலாம், விரலின் தமனி 1 மில்லிமீட்டர் அளவுதான். அதற்கு நுண்ணோக்கியும், ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் இழையும் வந்த பிறகே விரல் சாத்தியமானது.

நோயாளி தியேட்டருக்கு வருமுன்பே துண்டான விரல் போய்விடும். ஒரு குழு அதைச் சுத்தம் செய்து, தமனி, நரம்பு, சிரை ஒவ்வொன்றையும் தேடி, அடையாள முடிச்சுப் போட்டு வைக்கும். எக்ஸ்ரே கைக்கும் எடுப்பார்கள், விரலுக்கும் எடுப்பார்கள். பின்பு வரிசையாக:

1. எலும்பை 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை குறைத்து, கே-வயர் என்னும் மெல்லிய எஃகுக் கம்பியால் நிறுத்துவார்கள். எலும்பு குறைந்தால்தான் குழாய்கள் இழுபடாமல் ஒன்றையொன்று எட்டும்.
2. நீட்டும் தசைநாண், அடுத்து மடக்கும் தசைநாண்.
3. தமனி. 1 மில்லிமீட்டர் குழாய்க்கு ஆறு முதல் எட்டுத் தையல். ஒரு தையல் பின்சுவரையும் சேர்த்துக் குத்திவிட்டால் அங்கே இரத்தம் உறையும், முழுவதையும் வெட்டி மறுபடி தைக்க வேண்டும்.
4. நரம்பு.
5. சிரைகள். ஒரு தமனிக்கு இரண்டு சிரை என்பது பொதுக்கணக்கு.
6. தோல், இறுக்கமில்லாமல்.

முன்கை, மேற்கை மட்டத்தில் இந்த வரிசை மாறும். அங்கே தசை காத்திருக்காது என்பதால், எலும்பைப் பொருத்துமுன்பே தற்காலிகக் குழாய் ஒன்றைத் தமனிக்குள் செருகி இரத்தத்தை விட்டுவிடுவார்கள். தசை வீங்கி உள்ளழுத்தம் ஏறும் என்பதால் முன்கையின் தசைக் கூடுகளையும் திறந்துவிடுவார்கள்.

## முதல் மூன்று நாள்

தையல் போட்ட குழாய் அடைபடுவது பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள். அதனால் நர்ஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வந்து விரல்நுனியை அழுத்திப் பார்ப்பார். அழுத்தி விட்டதும் வெளுத்த இடம் இரண்டு விநாடியில் மறுபடி சிவக்க வேண்டும்.

விரல் வெளுத்து, சில்லிட்டு, அழுத்தினால் நிறமே திரும்பாவிட்டால் தமனி அடைத்திருக்கிறது. விரல் நீலம் பாய்ந்து உப்பி, அழுத்திய இடம் உடனுக்குடன் நிறைந்தால் இரத்தம் போகிறது, திரும்பி வரவில்லை. அதாவது சிரை அடைத்திருக்கிறது. தமனி அடைப்பு என்றால் உடனே மீண்டும் தியேட்டர். சிரைக்கு வேறு வழிகளும் உண்டு: நகத்தை எடுத்துவிட்டு இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து தொட்ட பஞ்சால் இரத்தத்தைக் கசியவிடலாம், அல்லது இரத்தம் உறிஞ்சும் மருத்துவ அட்டைப்பூச்சியை விரல்நுனியில் விடலாம். அட்டை விழுந்த பிறகும் பல மணி நேரம் காயம் கசியும், புதிய சிரைகள் உருவாகும்வரை அந்தக் கசிவு போதும். அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வாழ்வதால் அதற்கான ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

அறை சூடாக இருக்க வேண்டும், ஏசி கூடாது. பீடி, சிகரெட் நோயாளிக்கு மட்டுமில்லாமல் பார்க்க வருகிறவருக்கும் தடை. நிக்கோட்டின் மெல்லிய குழாயைச் சுருக்கிவிடும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த விரல் ஒரு பீடியில் கறுத்த கதைகள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு. காபியும் பல இடங்களில் தடை.

உயிர் பிழைத்த விரல் பழைய விரலாகிவிடாது. சராசரியாகப் பாதி அசைவு திரும்பும். உணர்வு வரும், ஆனால் ஊசியையும் பொத்தானையும் கண்ணை மூடிப் பிரித்தறிகிற அளவுக்குப் பெரியவர்களுக்கு வருவது அரிது. குளிர் பட்டால் வலிப்பது ஓரிரு ஆண்டு நீடிக்கும். ஊட்டியிலும் குன்னூரிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

## சின்ன வெட்டு: தசைநாணின் கெடு

துண்டான விரலுக்கு எல்லோரும் ஓடுவார்கள். உடைந்த கண்ணாடியிலோ அரிவாளிலோ விரலின் உட்பக்கம் ஒரு சென்டிமீட்டர் வெட்டு என்றால், பக்கத்துக் கிளினிக்கில் தோலுக்கு இரண்டு தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கும்போதுதான் விரல் மடங்கவில்லை என்பது தெரியவரும். கொங்கு நாட்டில் மட்டுமில்லை, எங்கும் இதுதான் நிலை.

கட்டைவிரலைத் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் தசைநாண் இரண்டு. ஒன்று நடு மூட்டை மடக்கும், ஆழத்தில் இருப்பது நுனி மூட்டை மடக்கும். இரண்டும் உள்ளங்கை ரேகையிலிருந்து நடு எலும்புவரை ஒரே குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அமெரிக்க மருத்துவர் பன்னெல் இந்தப் பகுதிக்கு "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்று பெயர் வைத்தார், இங்கே தைத்தால் ஒட்டிக்கொண்டு விறைக்கும், தைக்கவே வேண்டாம் என்ற கருத்தில். இன்று தைக்கிறார்கள்.

வெட்டுக்காயத்தோடு வந்த எவரையும் தையலுக்கு முன் மூன்று வகையில் சோதிக்க வேண்டும்:

1. கையை மேசையில் மல்லாக்க வைத்துத் தளரவிடச் சொல்லுங்கள். மற்ற விரல்கள் லேசாக மடங்கி நிற்க, ஒன்று மட்டும் நேராக நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு தசைநாணும் போயிற்று.
2. நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். மடங்காவிட்டால் ஆழத் தசைநாண் போயிற்று. மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு அடிபட்ட விரலை மடக்கச் சொன்னால், நடு மூட்டு மடங்காதபோது மேல் தசைநாண் போயிற்று.
3. விரலின் இரு பக்கவாட்டிலும் தொட்டு உணர்வு கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத குழந்தைக்கு ஒரு வழி உண்டு. காயம் ஆறிய பின் வெதுவெதுப்பான நீரில் விரலை ஊறவைத்தால், நரம்பு அறுந்த விரலின் தோல் மட்டும் சுருங்காது.

கெடு: முதல் ஒரு வாரம், பத்து நாளுக்குள் தைப்பது நல்லது. மூன்று வாரம் தாண்டினால் தசை சுருங்கி இழுத்துக்கொள்ளும், உறை இடிந்து மூடிவிடும். அப்புறம் அறுவை இரண்டு கட்டம். முதலில் சிலிக்கான் கம்பியை வைத்து உறையை உருவாக்கி, ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மணிக்கட்டுத் தசைநாண் ஒன்றை எடுத்து அதன் வழியே செருகுவார்கள். அந்த உதிரித் தசைநாண் மக்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்குப் பிறவியிலேயே இருக்காது, அவர்களுக்குக் காலிலிருந்து எடுக்க வேண்டும்.

இப்போது பல இடங்களில் முழு மயக்கமில்லாமல், மரத்துப்போக வைக்கும் லிக்னோகைனோடு அட்ரினலின் கலந்து கையில் மட்டும் ஊசி போட்டுத் தைக்கிறார்கள். தைத்து முடித்ததும் நோயாளியையே விரலை மடக்கி நீட்டச் சொல்வார்கள். தையல் உறையில் தட்டுகிறதா, இடைவெளி விழுகிறதா என்பது மேசையிலேயே தெரிந்துவிடும்.

தைத்தபின் மூன்றாவது முதல் ஐந்தாவது நாளுக்குள் பிசியோதெரபி தொடங்க வேண்டும். அசைக்காமல் வைத்தால் உறையோடு ஒட்டும், வேகமாக அசைத்தால் அறும். தையல் மிகவும் பலவீனமாக இருப்பது இரண்டாவது வாரத்தில். "வலி இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு" என்று கையைத் தாங்கும் ஸ்பிளின்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்க் குடம் தூக்குவதும் அதே வாரத்தில்தான். ஆறு வாரம் ஸ்பிளின்ட், எட்டு வாரத்தில் லேசான வேலை, பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகே பளு. பிசியோவுக்காக வாரம் இரண்டு முறை பஸ் ஏற முடியாதவருக்கு இதை முதல் நாளே திட்டமிட்டுக் கொடுக்காவிட்டால் நல்ல தையலும் வீண்.

## துளை தெரியாத காயமும் இறுக்கிய கட்டும்

மணி நேரக் கெடு உள்ள இன்னும் இரண்டு காயங்கள் வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும்.

ஒன்று, அழுத்தத்தில் உள்ளே பாயும் பெயின்ட், கிரீஸ், டீசல். கரூரில் பஸ் பாடிக்கு ஸ்பிரே அடிக்கும்போதோ, சங்ககிரி லாரிப் பட்டறையில் கிரீஸ் கன் பிடிக்கும்போதோ, முனையை விரலால் துடைக்கப் போய் உள்ளே பாய்ந்துவிடும். வெளியே குண்டூசித் துளை. வலிகூட முதலில் இருக்காது. உள்ளே தசைநாண் உறை வழியாக உள்ளங்கைவரை போயிருக்கும். தின்னர் கலந்த பெயின்ட் திசுவைக் கரைக்கும். ஆறு மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலை எடுக்க வேண்டிய வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாத காயம் இது.

மற்றது, குழந்தைகளின் முழங்கை முறிவுக்கு இறுக்கிப் போடும் மூங்கில் பத்தைக் கட்டு. மாவுக்கட்டும் இறுக்கமானால் இதே விளைவு. வீக்கம் உள்ளே அழுத்த, கட்டு வெளியே அழுத்த, முன்கைத் தசைக்குள் இரத்தம் நின்றுவிடும். மருந்து கொடுத்தும் அடங்காத அழுகை, விரலைப் பிறர் நீட்டிப் பார்க்கும்போது துடிக்கும் வலி: இந்த இரண்டும் தெரிந்தால் நாடித்துடிப்பு இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. கட்டைத் தோல்வரை முழுவதும் பிரித்துவிட்டு ஓடி வர வேண்டும். ஆறு மணி நேரத்தில் தசை போகும். செத்த தசை நாராகச் சுருங்கி, விரல்கள் வாழ்நாள் முழுக்க மடங்கியே நிற்கும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் 1881-லேயே எழுதி வைத்த பாதிப்பு இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

## தோள் நரம்பு: மாதக்கணக்கில் கெடு

பைக்கிலிருந்து தோளில் விழுந்து, கை மொத்தமாகத் தொங்கிவிட்டவர்களுக்கு எலும்பு முறிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல் அறுந்திருக்கலாம். பிரேக்கியல் பிளெக்சஸ் என்பது அதன் பெயர். "நரம்புதானே, தானா வந்துரும்" என்று ஆறு மாதம் மாத்திரையிலும் கரன்ட் சிகிச்சையிலும் கழிந்துவிடுவது பெரிய இழப்பு.

அறுந்த நரம்பு ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து உள்ளங்கைவரை 60 சென்டிமீட்டர் என்றால் 600 நாள் வேண்டும். நரம்புச் சமிக்ஞை வராத தசை 12 முதல் 18 மாதத்தில் நிரந்தரமாக வேலைக்கு ஆகாமல் போய்விடும். நரம்பு போய்ச் சேரும்போது தசை இருக்காது. அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை என்ற கணக்கு.

மூன்று நான்கு வாரத்தில் நரம்புப் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் எடுப்பார்கள். அதே பக்கத்துக் கண்ணிமை சற்று இறங்கி, கண்மணி சுருங்கியிருந்தால் கீழ் நரம்பு வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு அறிகுறி. பிடுங்கிய வேரைத் தைக்க முடியாது. கையிலேயே வேலை செய்யும் இன்னொரு நரம்பிலிருந்து ஓரிரு இழைகளைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு அந்தத் தசைக்கு அருகிலேயே இணைப்பார்கள். பிரான்சின் மருத்துவர் ஓபர்லின் 1994-ல் வெளியிட்ட முறை இது. கீழ் வேர்கள் தப்பியவர்களுக்கு இது பொருந்தும். வளர வேண்டிய தூரம் சில சென்டிமீட்டர்தான் என்பதால் தசை உயிரோடு இருக்கும்போதே நரம்பு போய்ச் சேரும். ஓராண்டு தாண்டி வந்தவர்களுக்குத் தொடையிலிருந்து தசையை நரம்பு, இரத்தக் குழாயோடு எடுத்துக் கையில் வைக்கும் பெரிய அறுவைதான் மிச்சம்.

## இழப்பீட்டில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று விரல்வாரியாக விழுக்காடு வகுத்தது. கட்டைவிரல் முழுதும் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7, ஒரு கையின் நான்கு விரலும் 50. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் போனால் 5.

இந்த அட்டவணை இழந்த உறுப்புக்கானது. இணைத்து உயிரோடிருந்தும் சரியாக மடங்காத விரலும், உணர்வு குறைந்த கையும் இதில் தனியாக இல்லை. அப்படிப்பட்ட பாதிப்பில் தகுதியுள்ள மருத்துவர் சோதித்து எழுதும் மதிப்பீடே அடிப்படை. "விரல்தான் இருக்கே" என்று நிர்வாகம் சொல்வதைக் கேட்டு ஒதுங்கிவிட வேண்டாம். மதிப்பீட்டை அவசரப்பட்டு வாங்கவும் வேண்டாம். தசைநாணுக்கு ஆறு மாதமாவது, நரம்புக்கு ஓராண்டுக்கு மேல், முன்னேற்றம் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு எழுதும் மதிப்பீடே எடுபடும்.

இஎஸ்ஐ அட்டை உள்ளவருக்கு, வேலையில் பட்ட காயத்தால் வீட்டிலிருக்கும் காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு வரும். அதற்கு விபத்து நடந்த அன்றே மில்லின் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். "பாத்துக்கலாம்" என்று சொல்லி வெளி மருத்துவமனையில் வீட்டில் பட்ட காயம் என்று பதிவுசெய்துவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. எந்த மெஷின், எந்தப் பாகம், எத்தனை மணிக்கு, எந்தக் கை என்ற நான்கும் முதல் மருத்துவமனைச் சீட்டில் இருக்கிறதா என்று அன்றைக்கே கூட வந்தவர் படித்துப் பார்த்துவிட வேண்டும். முதல் எக்ஸ்ரே, அறுவைக் குறிப்பு, பிசியோ வருகை அட்டை மூன்றையும் பிரதி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.